குழாயின் மேல் ஒரு பொட்டு

ஆனேக்கல் பக்கத்துத் துப்பாக்கிக் கிளப்பில் நடந்த போட்டியில் டோரீனின் முறை வர இருபது நிமிடம்தான் இருந்தது. அவளுடைய செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன், கனமான தோட்டாவைச் சுட்டால் காலிக் கூட்டைத் துப்பிவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொண்டது. போட்டிக்கு அனுமதித்த லேசான தோட்டா என்றால் மட்டும் கூடு பாதியில் சிக்கியது.

“தோட்டா மட்டம் மேடம்,” என்றார் உத்தமன். கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் அவர். ஸ்பிரிங்கை மாற்றினார், வாயுத் துளைகளில் கம்பி விட்டு அடைப்பெடுத்தார். மறுபடியும் சிக்கியது. “கண்டதையும் வாங்கிட்டு வந்து என் உயிர எடுக்கிறீங்க.”

“இதே தோட்டா போன மாசம் நல்லா ஓடுச்சுண்ணா.” டோரீன் குனிந்து பார்த்தாள். வெடிவாயு தள்ளக் கூட்டை வெளியேற்றும் பிஸ்டன் சறுக்கும் குழாயின் மேல் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. “இது என்ன?”

“போன வாரம் ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம். அது இருக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்று பிரித்து வைத்த பாகம் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தது அவர்தான். இன்று மூன்று முறை துடைத்தும், சாமி காரியம் என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். கனமான தோட்டாவின் வேகம் அந்தப் பிசுக்கைத் தாண்டிவிட்டது, லேசானதால் முடியவில்லை.

குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தார். டோரீன் லேசான தோட்டாக்கள் மூன்று சுட்டாள். மூன்று கூடுகளும் துள்ளி விழுந்தன.

அவள் சிரித்தாள். உத்தமன் சுடுமேடையைப் பார்த்தார். அங்கே நின்ற நான்கு பேர் கையிலும் அவர் பொட்டு வைத்த துப்பாக்கிகள்.