அப்பாவின் பதினோரு அடி

"இவர் யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக், மேடம். விழுந்து அடிபட்டவரு."

"எந்தக் கால்ல அடி?"

"இடது."

"நொண்டறாரு, சரி. ஆனா வலிக்கவே இல்லையே இவருக்கு. யாரைப் பாத்து வரைஞ்ச?"

"யாரையும் பாக்கல, மேடம்."

இரண்டு வாரத்துக்கு முன் நடந்த இந்தப் பேச்சுதான், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளின் காதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர் அனிமேஷன் ஆசிரியை. இவளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். எதையும் பூசி மெழுகத் தெரியாதவர். பதில் சொன்ன இவள் கடைசிப் பருவத்து மாணவி. வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள்.

படிப்பை முடிக்க இரண்டு நிமிடப் படம் ஒன்று கொடுக்க வேண்டும். ஒரு மெக்கானிக் வேலை முடிந்து லிஃப்டிலிருந்து இறங்கி, நீண்ட நடைவழியைக் கடந்து, தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அவ்வளவுதான் கதை. அந்த நடைதான் படமே. அந்த நடையைத்தான் ஆசிரியை இரண்டு முறை திருப்பிக் கொடுத்திருந்தார். நாளை மாலை ஐந்து மணிக்குள் சரியான நடை போய்ச் சேராவிட்டால் இன்னொரு வருடம் உட்கார வேண்டும்.

இத்தனைக்கும் அவளுக்கு நடையைப் பற்றித் தெரியாமல் இல்லை. முதல் வருடம் அவள் குதிக்கவிட்ட பந்து சோப்பு நுரைபோல் மிதந்தது. இரும்புக் குண்டைத் துள்ளவிடச் சொன்னால் அதுவும் மிதந்தது. எடை என்பது கோட்டில் இல்லை, விழுந்தபின் எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதில் இருக்கிறது என்று புரிய ஒரு வருடம் பிடித்தது. பிறகு பஸ் நிறுத்தங்களில் நின்று ஊரார் இடுப்பையெல்லாம் பார்த்து வரைந்தாள். அடுத்த வீட்டு அக்கா மாசமாக இருப்பதை, அவள் வாய் திறக்கும் முன்பே நடையை வைத்துக் கண்டுபிடித்தாள். "இந்தப் படிப்பை வெளியில சொல்லித் தொலைக்காத, நம்ம வாசல்ல யாரும் நடக்க மாட்டாங்க" என்றாள் அம்மா.

ஊரார் நடையெல்லாம் தெரிந்தவளுக்கு அப்பாவின் நடை தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன் லிஃப்ட் பழுது பார்க்கும்போது குழிக்குள் விழுந்தவர் அவர். மருத்துவமனையிலிருந்து வீடு வந்த முதல் நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு சரி. யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தும் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு அடுப்பு ஞாபகம் வரும், மகளுக்கு உள்ளறையில் ஏதோ புத்தகம் ஞாபகம் வரும். அறை காலியானபின் அவர் எழுவார். விருந்தாளி வந்தால் வருவதற்கு முன்பே உட்கார்ந்திருப்பார், போனபின்பே எழுவார். இப்போது லிஃப்ட் கன்ட்ரோல் போர்டுகளை வீட்டு மேசையிலேயே பழுது பார்க்கிறார். கை வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் பருவத்திலேயே, வீட்டில் உள்ளவர்களின் நடையை வரைந்து வரச் சொன்னார்கள். அப்போது அப்பாவிடம் கேட்க வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு, அம்மாவையே இரண்டு தடவை வரைந்து கொடுத்தாள். அன்றிலிருந்து விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறாள்.

போன வாரம் விழுங்குவதற்குப் பதில் திருடினாள். புத்தக அலமாரியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். திரும்பி வந்து பார்த்தபோது பதினோரு அடி பதிவாகியிருந்தது. மேசையிலிருந்து குளியலறை வரை.

வீடியோவை அடியில் ஒரு லேயராக, கண்ணாடித்தாள் அடுக்குபோலப் போட்டு, அதன்மேல் ஒவ்வொரு படமாக வரைந்தாள். வரைந்து முடித்ததும் அடியில் இருப்பதை மறைக்க வேண்டும். திரையில் மறைத்தாள். படமாக வெளியே எடுக்கும்போது ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும். அதை மறந்துபோனாள்.

இன்று காலை வகுப்பில் விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினார்கள். மெக்கானிக் நடக்க ஆரம்பித்ததும் ஆசிரியை முன்னால் சாய்ந்தார். முதல் அடியிலேயே கோடுகளுக்குப் பின்னால் அப்பா தெரிந்தார். பனியனோடு, சுவரில் உள்ளங்கையை ஊன்றி, இடது காலை இடுப்பிலிருந்து தூக்கி வீசி, ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு. சுவர் அளவு பெரிதாக.

"இது யாருப்பா, நிஜ ஆளு?" என்றான் பின்வரிசையில் ஒருவன். ஓர் உருளைக்கிழங்கு வரைய நாற்பது லேயர் திறப்பவன் என்பதால் அவனுக்குப் பெயரே லேயர்.

அவள் ஓடிப்போய் புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஆசிரியை பிறகு தனியாக அழைத்துப் பேசினார். நடை இப்போதுதான் உண்மையாக இருக்கிறது, அந்த லேயரை எடுத்துவிட்டு இதையே கொடு என்றார். அவள் தலையாட்டினாள். ஆனால் கணினியின் முன் உட்கார்ந்ததும் கை வேறு வேலை செய்தது. வீடியோவையும், அதன்மேல் வரைந்த நூற்றறுபத்தெட்டுப் படங்களையும் அழித்தாள். அழித்தபின்தான் நாளை மாலை ஐந்து மணி ஞாபகம் வந்தது. கையில் இருப்பது பழைய, வலிக்காத நடை மட்டும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பகல் மூன்று மணி. அப்பா ஒரு போர்டின்மேல் குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கேட்டாள். தலைவலி என்றாள் மகள்.

உள்ளறையில் அப்பாவின் போன் அடித்தது. அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். அம்மா பாதி மடித்த துணியோடு எழுந்து சமையலறைக்குப் போனாள். பாப்பாவின் பாதங்களும் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

போன் அடித்து ஓய்ந்தது.

"தண்ணி கொண்டா பாப்பா" என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல்.

"தண்ணி பக்கத்துலயே இருக்குப்பா."

இருந்தது. அவர் செம்பைப் பார்த்தார், பிறகு அவளை.

"என்ன விஷயம்?"

அவள் சொன்னாள். அலமாரியில் போன் வைத்தது, வரைந்தது, டிக்கை எடுக்க மறந்தது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பற்றவைக்கும் கோலை அதன் தாங்கியில் வைக்க இரண்டு முறை முயன்று, இரண்டாவது முறைதான் வைத்தார். சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"எத்தனை பேரு பாத்தாங்க?"

"இருபத்திரண்டு பேரு."

"சிரிச்சாங்களா?"

"இல்லப்பா. அதுக்குள்ள நான் பிளக்கைப் புடுங்கிட்டேன்."

"எதுக்குப் புடுங்கின?"

அவள் மேசைமேல் கிடந்த ஒரு திருகாணியை உருட்டினாள்.

"அசிங்கமா இருந்துச்சா?"

குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். ஒரு போர்டில் எந்த இடம் தீய்ந்திருக்கிறது என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"திருடினதை எல்லாரும் பாத்துட்டாங்கன்னு புடுங்கினேன்" என்றாள். பிறகு, அதில் பாதிதான் உண்மை என்று அவளுக்கே தெரிந்ததால், "கொஞ்சம் அதுவும் இருந்துச்சுப்பா" என்றாள். "நீங்க எந்திரிச்சா மூஞ்சியத் திருப்பிக்கிட்டே வளந்துட்டேன். சட்டுனு பெருசா பாத்ததும் பயந்துட்டேன்."

அப்பா நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"இப்ப என்ன, அந்த வீடியோவக் குடுக்கணுமா?"

"அழிச்சிட்டேன். வரைஞ்சதையும்."

"அப்ப நாளைக்கு?"

"ஒண்ணுமில்ல கையில."

அம்மா சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள். உள்ளறையில் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. அப்பா போன் இருந்த திசையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைத் தாழ்த்தினாள், ஆனால் உள்ளே போகவில்லை. கடைசியில் மகளைப் பார்த்து, வழக்கம்போல் அவள் விலகுவதற்காகக் காத்திருந்தார்.

அவள் பையிலிருந்து வரையும் நோட்டை எடுத்து, நடக்கும் வழியை மறைக்காமல், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருடமாக வாய்வரை வந்து திரும்பியது மறுபடி வந்தது. இந்த முறை அவள் விழுங்கவில்லை.

"எந்திரிச்சு நடங்கப்பா. நான் எங்கயும் போகல. உங்களைப் பாக்கணும்."