பதினாறு துளை

கட்டில் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, அதில் நாற்பது ஆணிகள் அடித்து வைத்திருந்தாள். ஆணிக்கு ஆணி ஒயரை இழுத்து வளைத்து, சேர்த்துப் பிடித்து, கறுப்புத் துணி டேப்பைச் சுற்றிக்கொண்டே போனாள். காருக்குள் ஓடுகிற ஒயர்களை ஒன்றாகப் பின்னிய ஜடை அது. கம்பெனியில் ஹார்னஸ் என்பார்கள். அங்கே எட்டு மணி நேரமும் அவளுக்கு இதுதான் வேலை. ஒரு வாரமாக வீட்டுக்கு வந்த பிறகும் இதுதான். ஆனாலும் அலுக்கவில்லை. இது சொந்த வண்டிக்கு.

"இன்னிக்காவது கட்டில்ல படுக்க விடுவியா?" என்று கேட்டான் கணவன்.

"வண்டி ஓடட்டும். பின் சீட்டுலயே படுத்துக்குங்க."

அவன் டாக்சி ஓட்டுகிறவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் பெய்த மழையில், முன்கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் இறங்கி இன்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அது செத்ததும் வண்டியும் செத்தது. ஷோரூமில் கையை விரித்தார்கள். அந்த மாடலுக்கு டப்பா வருவது நின்று மூன்று வருஷமாம். புது வண்டி பாருங்கள் என்று ஒரு வழவழப்பான புத்தகத்தைக் கையில் திணித்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து இன்னொருவர் டாக்சியை ஷிப்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்த வண்டி வாசலில் உறை போட்டு நின்றது. வருகிற புதன்கிழமை அதற்குத் தகுதிச் சோதனை. தேறாவிட்டால் டாக்சி பர்மிட் போய்விடும். ஒருமுறை போனால் இத்தனை வயதான வண்டிக்கு மறுபடி கிடைக்காது.

வழி காட்டியது அவள் தம்பி. பந்தயக் கார் பட்டறையில் மெக்கானிக். அங்கே கார் கம்பெனி போட்ட டப்பாவை யாரும் வைத்துக்கொள்வதில்லை. வெளியே தனியாக விற்கிற கம்ப்யூட்டரை மாட்டி, எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்று லேப்டாப்பில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டு இன்ஜினுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படி ஒன்று, நொறுங்கிப்போன காரிலிருந்து கழற்றியது, அவன் கைக்கு வந்தது. பழைய ஹார்னஸ் மட்டும் அதற்குப் பொருந்தாது.

"புதுசா கட்டணும்க்கா. கட்டற ஆளுக்கு எங்க போறதுன்னுதான் தெரியல" என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கம்பெனியில் அவளுக்குப் பதினாறு என்று பெயர். ஸ்டியரிங்குக்குக் கீழே எல்லாக் கார்களிலும் ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக் தன் கருவியைச் செருகி வண்டிக்கு என்ன கோளாறு என்று விசாரிப்பது அதில்தான். பதினாறு துளைகள். அதில் ஏழு ஒயர்களை இடம் மாறாமல் செருகுவது ஆறு வருஷமாக அவளுடைய முக்கிய வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள். வீட்டு ஹார்னஸிலும் கை தன்பாட்டுக்கு அந்தச் சாக்கெட்டைத்தான் முதலில் எடுத்தது.

"இதுக்கு எந்த ஒயர்டா?"

"அதுக்கு ஒண்ணும் வேணாம்க்கா. இந்த டப்பா லேப்டாப்போட மட்டும்தான் பேசும். அந்த சாக்கெட்டு இதுக்குப் புரியாது. சும்மா விடு."

காலியாக விட அவளுக்கு மனசே வரவில்லை. இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். பிறகு, இடம் ஓட்டையாகத் தெரிய வேண்டாமே என்று, ஒயர் இல்லாத சாக்கெட்டை அதன் இடத்திலேயே திருகி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எல்லாம் மாட்டியாகிவிட்டது. கணவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் கரகரவென்று சுற்றியது, இருமியது, பின்பக்கமாக ஒரு வெடி போட்டு நின்றது. மறுபடி. மறுபடியும் அதே வெடி. தம்பி லேப்டாப்பை முறைத்தான். இன்ஜின் சுற்றும் வேகம் தொண்ணூறு என்றது, பூஜ்யம் என்றது, அடுத்த நொடி இரண்டாயிரம் என்றது. பழைய டப்பா, உள்ளே ஏதோ போயிருக்கிறது என்று முனகினான்.

இன்ஜின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்கிற சென்சாருக்கு இரண்டு ஒயர்கள், ஒன்றோடொன்று முறுக்கினவை. அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளை இடப்பக்கம், கறுப்பு வலப்பக்கம். கம்பெனியில் அப்படித்தான் போடுவார்கள். தம்பி வரைந்து கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தாள். அதில் தலைகீழாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான். கை பழக்கதோஷத்துல போட்டிருக்கு."

கொண்டையிலிருந்து ஊசியை உருவி, இரண்டு ஒயர்களையும் நெம்பி எடுத்து இடம் மாற்றிச் செருகினாள். டிக், டிக். அந்தச் சத்தம் வந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சாவியைத் திருப்பியதுதான் தெரியும். இன்ஜின் பிடித்துக்கொண்டது. முதலில் குளிரில் நடுங்குகிற மாதிரி தடதடத்தது. தம்பி நாலு எண்களைத் தட்டினான், தடதடப்பு நின்றது. ஒன்பது வாரமாக ஊமையாகக் கிடந்த வண்டி அவர்கள் வாசலில் காது குளிர முனகிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கணவன் இறங்கி வந்து பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான், காய்ச்சல் பார்க்கிறவன் போல.

ஓடினால் மட்டும் போதாது, ஒவ்வொரு வேகத்துக்கும் பாடம் நடத்த வேண்டும் என்று தம்பி இருவரையும் வண்டியில் ஏற்றினான். ஒரு பங்கு பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட பதினாலே முக்கால் பங்கு காற்று. அதற்கு மேலே போனால் இன்ஜின் திணறும், கீழே வந்தால் பெட்ரோல் வீணாகிப் புகையும். அந்தக் கணக்கைக் காட்டுகிற சின்ன மீட்டர் பின் சீட்டில் அவள் மடியில் இருந்தது. முன் சீட்டில் தம்பி, வெயிலில் லேப்டாப் திரை தெரியவில்லை என்று தலைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஆவி பிடிக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இரண்டாயிரத்துல பிடிங்க மாமா."

"பிடிச்சாச்சு."

இன்ஜின் வேகம் காட்டும் முள், ஆணி அடித்ததுபோல் நின்றது. அவள் எண்ணைப் படித்தாள். பதிமூன்று. பதிமூன்றரை. துண்டுக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. பதினாலு. பதினாலே முக்கால். அடுத்த கட்டம். இரண்டாயிரத்து ஐந்நூறு. மேட்டில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை. அவள் படிக்க, அவன் பிடிக்க, தம்பி தட்ட, திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின.

"எங்க ரேஸ் டிரைவருக்குக்கூட கால் இப்படி நிக்காது மாமா."

"சவாரில பின்னாடி தூங்கற குழந்தைய எழுப்பாம ஓட்டிப் பழகின காலு, மச்சான்."

நாலு மணிக்குக் கடைசிக் கட்டமும் நிரம்பியது. இப்போது அமுக்கிப் பாருங்கள் என்றான் தம்பி. கணவன் அமுக்கினான். வண்டி எகிறிய வேகத்தில் அவள் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. புதிதாக வாங்கின நாளில்கூட அது இப்படி ஓடியதில்லை. மூவருக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற வளைவு வந்தபோது அவன் திரும்பாமல் நேராகப் போனான். இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்றான். அப்படி மூன்று சுற்று போனார்கள்.

புதன்கிழமை அவள் லீவு போட்டாள். தம்பியும் லேப்டாப்போடு கூட வந்தான். சோதனை நிலையத்தில் முதலில் புகை. ஆய்வாளர் சைலன்சருக்குள் குழாயைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தார், மீட்டர் ஓடவில்லையோ என்று விரலால் இரண்டு தட்டுத் தட்டினார், திரும்பவும் பார்த்தார். இந்த மாதம் இவ்வளவு சுத்தமாக ஒரு வண்டியும் வரவில்லை, இன்ஜின் புதுசா என்று விசாரித்தார். கணவனுக்கு வாயெல்லாம் பல். பிரேக் சரி, விளக்கு சரி, டயர் சரி. ஒவ்வொன்றுக்கும் அவர் டிக் போடப் போட, அவள் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தாள்.

கடைசியாக அவர் ஒரு கேபிளை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தார். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

மெஷின் யோசித்தது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பில் ஒரு வரி வந்தது: வண்டி கண்டறியப்படவில்லை. அவர் கேபிளை உருவித் துடைத்துச் செருகினார். வேறு கேபிள் கொண்டுவந்து செருகினார். அதே வரிதான்.

தம்பி ஓடிவந்து விளக்கினான். வேறு டப்பா, அதனோடு லேப்டாப்பில்தான் பேசவேண்டும், கட்டங்களைத் திறந்து காட்டுகிறேன் என்றான். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை.

"சார், வண்டி ஓடுற சத்தம் கேக்குதில்ல?" என்றான் கணவன்.

"கேக்குதுப்பா. எனக்குக் கேக்குது. மெஷினுக்குத் தெரியணுமே. வண்டி இருக்குன்னு அது சொன்னாத்தான் அடுத்த பக்கமே திறக்கும். கம்பெனி டப்பா போட்டு எடுத்துட்டு வா."

"அது வர்றதே நின்னுபோச்சு சார்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. வண்டியை ஓரமாக எடுக்கச் சொல்லிவிட்டு, தாளில் தேறவில்லை என்று முத்திரை வைக்கப் போனார்.

மறுநாள் காலையில் கணவன் தங்கள் வண்டியை ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். சாவி பாதி திரும்பும் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அணைத்தான். உறையைப் போர்த்தி நாலு மூலையும் கட்டினான். பிறகு இன்னொருவர் டாக்சியை எடுக்கப் பஸ் ஏறிப் போனான்.

லீவு போட்டதில் அவள் இடத்தில் வேலை குவிந்து கிடந்தது. "பதினாறு, நேத்து விட்டதையும் சேர்த்து முடிக்கணும்" என்று லைன் லீடரம்மா சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையாட்டினாள். சாக்கெட்டை எடுத்தாள். ஏழு ஒயர்கள். டிக், டிக், டிக். ஏழு துளையிலும் ஒயர் உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற சோதனை மெஷின் பக்கத்தில் இருந்தது, அதில் செருகினாள். மறுமுனைகள் எதிலும் மாட்டாமல் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஹார்னஸ் போகவேண்டிய காரை இனிமேல்தான் எங்கேயோ கட்டப்போகிறார்கள்.

திரையில் பச்சையாகச் சரி என்று வந்தது. அவள் அதைக் கழற்றித் தள்ளிவிட்டு அடுத்த சாக்கெட்டை எடுத்தாள்.