தண்ணீரிலும் எழுந்த மேடு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கோழித் தீவனத்தைப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் நான் கண்ணாடிக் குவளை கழுவுகிறேன். பள்ளிக்கூடத்தில் பேசாததுபோலவே இங்கேயும் பேசுவதில்லை. குவளைகளுக்கு அது பிடித்திருக்கிறது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் முதல் ஆளாகத் திருப்பாச்சூர் அரசப்பன், தன் பண்ணைத் தீவனத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். கோழி கொழுக்க ஆர்சனிக் சேர்ந்த மருந்தைச் சிலர் தீவனத்தில் கலப்பதுண்டு. அது இருக்கிறதா என்று பார்க்கத் தீவனச் சாற்றில் ஒரு கரித்தண்டை முக்கி மின்சாரம் கொடுப்பார்கள். மருந்து இருந்தால் திரையில் ஓடும் கோடு மேடாக எழும்பும்.

எழும்பியது.

“பாஷாணம் கலந்திருக்கேள்,” என்றார் கெமிஸ்ட் ஜனார்தனன் சார்.

“இன்னா சார், பேஜாரா கீது! என் பொண்ணுக்கே அந்தக் கோழியதான் ஆக்கிப் போடறேன்!”

சார் சரிபார்க்க வெறும் தண்ணீரை வைத்தார். அதிலும் மேடு. அரசப்பன் கையிலிருந்த டீயை மெல்லக் கீழே வைத்தார்.

“அப்ப நாம எல்லாரும் அதத்தான் குடிச்சிக்கினு கீறமா?”

சார் என் பக்கம் திரும்பினார். “செல்வி! குவளையைக் கழுவினயா, இல்ல தண்ணியைக் காட்டி எடுத்தயா? இதெல்லாம் கழுவி வச்சுட்டுக் கிளம்பு. நாளைலேர்ந்து வர வேணாம்.”

வேலை போனால் அம்மா என்னை மறுபடி பத்தாம் வகுப்பில் சேர்த்துவிடுவாள். அங்கே எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள்.

தண்ணீர்க் குவளையைக் கழுவ எடுத்தேன். வெள்ளைத் தொட்டிக்கு மேலே பிடித்தபோது லேசான ரோஸ் நிறம். கழுவாமல் கொண்டுபோய் சார் முன்னால் வைத்தேன்.

“கழுவச் சொன்னேனே!”

இன்னும் கிட்டே தள்ளினேன்.

அரசப்பன் குனிந்து குவளையைப் பார்த்தார். நிமிர்ந்து கரித்தண்டைப் பார்த்தார். அதன் கழுத்தில், பூஜையன்று சார் தன் கையாலேயே வைத்த குங்குமப் பொட்டு பாதி கரைந்து வழிந்திருந்தது. காலையில் முனையைப் பளபளவென்று தேய்த்தவர், பூஜைப் பொட்டை அழிக்கக்கூடாதென்று அதில் கைபடாமல் தேய்த்திருந்தார்.

“நீ டெஸ்ட் பண்ணது குங்குமம் சார்!”

“குங்குமச் சாயத்துக்கும் அதே மேடுதான் வரும்,” என்று சார் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொட்டைத் துடைத்தார். புதுத் தண்ணீரில் கோடு படுத்துக்கொண்டது. தீவனத்திலும் படுத்துக்கொண்டது.

அரசப்பன் வெளியே ஓடினார். வண்டியிலிருந்து உயிரோடு ஒரு கோழியைக் கொண்டுவந்து சார் மடியில் வைத்தார். “ஊட்டுக்கு எடுத்துக்கினு போய்க் கொழம்பு வையி சார். பாஷாணம் இல்லாத கோழி!”

நெற்றி நிறைய நாமத்தோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். “செல்வி, இதை நீ எடுத்துண்டு போ.”

எடுத்துக்கொண்டேன். “நாளைக்கு வேலைக்கு வரலாமா, சார்?”

நான் பேசி அவர் கேட்டதே இல்லை. திடுக்கிட்டார். கோழியும் திடுக்கிட்டது.

“வா,” என்றார். “தனியா வா.”