திக்காமல் கேட்ட வெனிலா

விடுமுறை தொடங்கியதுமே மெரெட்டேயிடம் அவள் கணவன் தோர்பென் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: யூட்லாந்துக் கடற்கரையின் கோடை வீட்டில் பள்ளிக்கூடப் பேச்சே எடுக்கக் கூடாது. திக்குகிற பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது அவள் வேலை. முதல் வாரம் முழுக்க மழை. சோபாவில் சாய்ந்துகொண்டு, அந்த வருஷத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"யாரோட பேசிட்டிருக்க?"

"சும்மாதான் படுத்திருக்கேன்."

"பொய். உதடு அசையுது. சும்மா இருக்கக் கத்துக்கொடுக்க உனக்கு ஒரு டீச்சர் போடணும்."

அவள் சிரித்தாள். நினைவில் இருந்தது தைரா. ஒன்பது வயதுப் பெண். முதலில் வந்தபோது எந்தச் சொல்லும் தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்கும். திக்காமல் ஒரு வாக்கியம் சொன்னால் கண்ணாடி ஜாடியில் ஒரு நீலப் பாசிமணி போடுவாள் மெரெட்டே. ஜூனுக்குள் ஜாடி நிரம்பிவிட்டது. தைராவின் அம்மாவைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள். அந்த வருஷத்தில் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று தோன்றியது.

மழை விட்ட அன்று இருவரும் துறைமுகத்துக்கு ஐஸ்கிரீம் சாப்பிடப் போனார்கள். நீண்ட வரிசை. முன்னால் ஒரு சிறுமி கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ந-ந-நண்டு விடவே இல்ல! மாமா க-க-கத்துறாரு, அது கட்டைவிரலைப் பு-பு-பு..."

"சீக்கிரம் சொல்லுடி, என் ஐஸ் உருகிடும்," என்றாள் கூட நின்ற அக்காள்.

"நீ இன்னும் வா-வாங்கவே இல்லையே, லூசு!"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சொல் சிக்கினால் அவளும் நின்றாள்; அது கழன்றதும் கதையை ஓட்டினாள். இரு கைகளும் நண்டாக மாறியிருந்தன.

மெரெட்டேக்கு அந்தக் குரலை அடையாளம் காணவே நேரமாயிற்று. வருஷம் முழுக்க எதிரில் உட்கார்ந்திருந்தவள்தான், தைரா. ஆனால் பயிற்சி அறையில் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. குட்டிக் குட்டி வாக்கியங்கள்தான் சொல்வாள், அதுவும் ஜாடியைப் பார்த்துக்கொண்டே. அதைத்தான் முன்னேற்றம் என்று மெரெட்டே நம்பியிருந்தாள்.

"உனக்கு எதும்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

"அ-அ-அதிம..."

எப்போதும் அதிமதுர ஐஸ்தான் அவளுக்கு. ஏதோ தோன்றித் தைரா திரும்பினாள். மெரெட்டே கண்ணில் பட்டதும் வாய் மூடிக்கொண்டது, முதுகு நிமிர்ந்தது.

"வெனிலா," என்றாள், தடங்கலே இல்லாமல்.

"உனக்கு வெனிலா பிடிக்காதேடி!" என்றாள் அக்காள்.

தைரா அதைக் காதில் வாங்கவில்லை. "மெரெட்டே, நான் திக்கல," என்று சொல்லிவிட்டுக் காத்து நின்றாள்.

'சபாஷ்' என்ற சொல் மெரெட்டேயின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"அந்த நண்டு அப்புறம் என்ன பண்ணுச்சு? எனக்கும் சொல்லேன். திக்கினா பரவாயில்ல."

அந்தக் கடைசி வார்த்தையை வருஷம் முழுக்க ஒருநாள்கூட அவள் சொன்னதில்லை. தைரா அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். புதுப் பரீட்சை என்று நினைத்திருப்பாள்.

"ஒண்ணும் பண்ணல," என்றாள், நிதானமாக, திக்காமல். வெனிலாவை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

தங்கள் ஐஸ்கிரீமை வாங்கியதும் தோர்பென், "வா, படகுப் பக்கம் போய் உக்காரலாம்," என்றான்.

படகுகளுக்குப் பக்கத்தில் தைராவின் கைகள் மறுபடி நண்டாக எழும்பியிருந்தன.

"அங்க வேணாம். என் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி இருக்கா."

"இருந்தா என்ன? போய்ப் பேசு. இன்னிக்கு மட்டும் உனக்கு அனுமதி."

"நான் போனா அவ பேச்சை நிறுத்திடுவா, தோர்பென்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மறுபக்கம் திரும்பி நடந்தான்.

கார்கள் நிற்கும் இடத்தில், குப்பைத்தொட்டி ஓரமாக நின்றபடியே இருவரும் சாப்பிட்டார்கள். காற்றில் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. சொற்கள் அவளுக்கு எட்டவில்லை.