மேஜர் மூக்கில் எட்டு முட்கள்

மாட்டுப் பண்ணைக்காரர் ஆர்லோ ஹாக்லண்டின் நாய் மேஜருக்கு மூளை என்று ஒன்று இருந்தால் அதை நான் பார்த்ததில்லை. மூக்கைத்தான் பார்த்திருக்கிறேன். முள்ளம்பன்றியிடம் ஆறு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் மயக்க ஊசியோடு படுத்திருக்கிறது. நானும் திட்டிக்கொண்டே குறடால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கியிருக்கிறேன்.

போன கோடையில் பல்கலைக்கழகத்திலிருந்து டெலா என்ற பெண் வந்தாள். மொன்டானாவில் முள்ளம்பன்றிகள் எங்கே மிச்சமிருக்கின்றன, எங்கே இல்லாமல் போயின என்று வரைபடம் போடுகிறாளாம். காட்டில் தேடி அலுத்துப்போய், முள் குத்தி வந்த நாய்களின் விவரம் கேட்டு என்னைப் போன்ற கால்நடை மருத்துவர்களிடம் வந்திருந்தாள்.

பழைய சிகிச்சை அட்டைகளைப் புரட்டினோம். நான் வேலைக்கு வந்த வருடம் முப்பத்தொரு நாய்கள். போகப்போகப் பன்னிரண்டு, நாலு என்று குறைந்துவிட்டது. கடைசி நாலு வருடம் ஒன்றுமே இல்லை.

"அதுக்கு முந்தின அஞ்சு வருஷமும் ஒரே நாய் பேருதான் இருக்கு டாக்டர்."

"அந்த நாய நம்பித்தான் உன் ஆராய்ச்சியே ஓடுது. இப்ப முள்ளம்பன்னி தீர்ந்துபோச்சா, இல்ல மேஜர் திருந்திட்டானா? அத எப்படிக் கண்டுபிடிப்ப?"

டெலா சிரித்தாள். "செப்டம்பர் முடியறதுக்குள்ள ஒரு தடயம் கெடச்சா வரைபடத்துல உங்க பள்ளத்தாக்குக்குப் பச்சை. இல்லேன்னா வெள்ளைதான்."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருடம் அந்தப் பிராணியைச் சபித்தவள்தான் நான். ஆனாலும் எங்கள் ஊர் வெள்ளையாகப் போவதற்கு மனம் ஒப்பவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் கண்ணில் பட்டால் சொல்லச் சொன்னேன். ஆர்லோவிடமும் சொன்னேன்.

"மேஜருக்குப் பதினோரு வயசாச்சு டாக்டர். புத்தி வந்துடுச்சு. அவன நம்பாதீங்க."

செப்டம்பர் இருபதாம் தேதி காலை ஆர்லோ மேஜரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அதன் மூக்கில் எட்டு முட்கள் இருந்தன.

"புத்தி வந்துடுச்சுன்னீங்களே?"

"வந்த வழியே போயிடுச்சு."

டெலாவுக்கு போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வந்து நின்றாள். நாய் மேசையில் முனகிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி பல்லை இளித்துக்கொண்டிருந்தோம்.

"எங்க பாத்தீங்க? இன்னும் அங்கேயே இருக்குமா?" என்று கேட்டாள் டெலா.

ஆர்லோ தொப்பியைக் கழற்றினார். "என் வண்டியில பின்னால கெடக்கு."

"உயிரோடயா?"

"நாய் கத்துச்சும்மா. கை தானா துப்பாக்கிக்குப் போயிடுச்சு. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தானே. டாக்டர் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். என் அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார் என்பதால் அடக்கிக்கொண்டேன். வெளியே போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தோம். நல்ல கொழுத்த பெண் முள்ளம்பன்றி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டெலா படிவத்தை எடுத்துத் தேதியையும் இடத்தையும் எழுதினாள்.

"பாத்தவர் பேரு?" என்று நிமிராமலே கேட்டாள்.

மாட்டுத் தொடையில்கூடத் தன் பெயரைச் சூடு போட்டு வைத்திருக்கும் மனிதருக்கு, அன்று அதை வாயால் சொல்ல வெகு நேரம் பிடித்தது.