பேருந்தைப் பூட்டிவிட்டுத் தேர்வெழுதப் போனவள்

1

இந்தக் கதை என் தவறு ஒன்றிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு சொன்னால் ஒளித்து வைத்ததாக நினைப்பீர்கள்.

ஜூன் மாதம், காலை ஏழே முக்கால். ஆர்ட்டா நகரத்துப் பள்ளி ஒன்றில் கல்லூரி நுழைவுத் தேர்வு. பெயர்ப் பட்டியலோடு வாசலில் நின்ற கண்காணிப்பாளர் நான். மலையூர்ப் பிள்ளைகளின் பேருந்து வந்து நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். பின்னாலேயே நீலச் சட்டையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஒரு பெண்ணும் வந்தாள்.

"டிரைவருங்க எல்லாம் கேட்டுக்கு வெளியில நில்லுங்கம்மா," என்றேன்.

"பட்டியலைப் பாருங்க வாத்தியாரே. அர்கிரோ ஸிகூரி. என் வண்டியில வந்தது ஏழு இல்ல, எட்டு."

இருந்தது. முப்பத்தொன்றாவது பெயர். வயது நாற்பத்து நான்கு.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "மலைப்பாதையில் பனிமூட்டம் மெல்ல விலகிக்கொண்டிருந்த அந்த..." ஜூனில் ஏது பனிமூட்டம்? அடித்துவிட்டேன்.)

2

அர்கிரோ பத்தொன்பது வருடம் அந்தப் பேருந்தை ஓட்டினாள். எட்டு மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் இரண்டு மணிவரை வேலையில்லை. பந்து மைதானத்தின் ஓரம் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போடுவாள். இரண்டு வருடம் அப்படி. வெயில் மறைப்பில் சூத்திரங்களை ஒட்டி வைத்திருந்தாள். அவள் இருக்கைக்குப் பின்னால் உட்காரும் மிர்சினி என்ற பன்னிரண்டாம் வகுப்புப் பெண்தான் டியூஷன் குறிப்புகளைக் கொடுத்தது. கூடவே எட்டிப் பார்த்துக் குறை சொன்னதும் அவள்தான்.

"அக்கா, மூணாவது வரியில மைனஸை முழுங்கிட்டீங்க."

"வளைவு வருது, கம்பியைப் பிடி. அப்புறம் துப்பறேன்."

பதினெட்டு வயதில் ஏன் எழுதவில்லை? இந்த இடத்தில் வாசகர் ஒரு துயரக் காரணத்தை எதிர்பார்ப்பார். நானும் எதிர்பார்த்தேன். தந்தையின் நோய் என்று அரைப் பக்கம் எழுதியும் வைத்தேன். பிரதியைப் படித்த அர்கிரோ அதன் குறுக்கே கோடு போட்டாள்.

"எங்கப்பா நல்லாத்தான் இருந்தாரு. அப்போ எனக்குக் கணக்குப் பிடிக்கல. இப்போ பிடிச்சிருக்கு. அது போதாதா?"

போதும். எனக்குத்தான் போதவில்லை.

மூன்று மணி நேரம் எழுதி முடித்துவிட்டு அதே ஏழு பேரோடு மலையேறினாள். பின்னால் பிள்ளைகள் விடைகளை ஒப்பிட்டுக் கத்தினார்கள்.

"யாரும் ரெண்டாம் கணக்கைப் பத்திப் பேசக்கூடாது! தப்புன்னு தெரிஞ்சா நான் பிரேக் பிடிக்க மறந்துடுவேன்."

ஊர் வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.

3

யானினா நகரில் கணிதத் துறையில் அர்கிரோவுக்கு இடம் கிடைத்தது. மிர்சினிக்கும் அங்கேயே இடம். இருவரும் சேர்ந்து வீடு எடுத்தார்கள். அர்கிரோவின் கணவர் ஸ்டெரியோஸ் தேனீப் பெட்டிகளை விட்டு வரமுடியாதவர். மாதம் இருமுறை பாலாடைக் கட்டியும் ரொட்டியுமாக வந்து, "என் பெண்டாட்டி பாஸா, என் தேனீ பாஸா, பாப்போம்," என்று கேலி செய்துவிட்டுப் போவார். பேருந்து நிறுவனம் ஒரு வருடம் விடுப்புக் கொடுத்திருந்தது.

முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே அமைதியானது. பேனாக்கள் திறந்தன. பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள்.

"நோட்டை மூடுங்கப்பா. நானும் உங்க கூட்டம்தான்," என்று சொல்லிவிட்டு இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

சிரிப்பு அன்றோடு சரி. பேருந்தில் போட்ட கணக்குகளுக்கு விடை இருந்தது. இங்கே விடையைக் கொடுத்துவிட்டு, ஏன் என்று கேட்டார்கள். அந்த 'ஏன்' அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து உட்காருவாள். பதினொரு மணிக்கு எழும் மிர்சினிக்கும் ஒன்றும் புரியவில்லை. பிப்ரவரித் தேர்வில் கணிதப் பகுப்பாய்வு என்ற பாடத்தில் அர்கிரோவுக்குப் பத்துக்கு இரண்டு. மிர்சினிக்கு மூன்று.

4

அன்று அவள் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து அழுதாள். நீரில் அவள் முகம்...

(இங்கேயும் கோடு. ஓரத்தில் அவள் கையெழுத்து: "நான் அழல. அழுதது மிர்சினி. வண்டி நின்னா நான் இறங்கிப் பாக்கற ஆளு.")

இறங்கித்தான் பார்த்தாள். விரிவுரையாளர் அறைக் கதவில், மாணவர்கள் சந்தேகம் கேட்கலாம், செவ்வாய் பதினொரு மணி என்று எழுதியிருந்தது. யாரும் போனதில்லை. முப்பத்திரண்டு வயது விரிவுரையாளர் கராலிஸ் அவளைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"எந்த இடம் புரியல?"

"அட்டையைத் திறந்ததிலேருந்து சார்."

அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் முதல் பக்கத்தைத் திறந்தார்.

அடுத்த செவ்வாய் மிர்சினியை இழுத்துப் போனாள். "எழுந்திருடி. தோத்ததுக்கு வெக்கப்படாத, தூங்கறதுக்கு வெக்கப்படு." அதற்கடுத்து மூன்று பேர். மே மாதத்தில் பதினோரு பேர். அறை போதாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவன் வரவில்லையென்றால் அர்கிரோ போன் போட்டுக் கேட்பாள். ஒரு சொல் பிடிபட்டால் உடனே அதைப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிப் பார்ப்பாள். அவனுக்கும் புரிந்தால்தான் தனக்குப் புரிந்ததாகக் கணக்கு. இருபத்தாறு வருடம் வகுப்பெடுத்த எனக்கு இது தோன்றியதில்லை. இந்த வாக்கியத்தை எழுதப் பேனாவை இரண்டு முறை கீழே வைத்தேன்.

5

செப்டம்பரில் மறுதேர்வு எழுதினாள். முடிவு வருவதற்கு முன்பே நிறுவன முதலாளி தோமாஸ் அழைத்தார்.

"பள்ளிக்கூடம் திறக்கப் போவுது. வண்டியை நீ எடுக்கறியா, வேற ஆளைப் போடட்டுமா?"

"வேற ஆளைப் போடுங்க அண்ணே."

"பாஸாயிட்டியா?"

"இன்னும் தெரியாது."

"அடிப்பாவி! தெரிஞ்சப்புறம் சொல்லேன். நாலு நாள் காத்திருக்கேன்."

"தெரிஞ்சப்புறம் சொன்னா அது மார்க்கு எடுத்த முடிவு அண்ணே. இது நான் எடுக்கறது."

அதற்குத் தோமாஸ், "பிரேக்கு கொஞ்சம் இழுக்கும்னு புது ஆளுகிட்ட நீயே சொல்லிடு," என்றார்.

6

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஒன்பது வாங்கினாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒன்றில் நான்கு, மிர்சினி படித்துவிட்டு என்னைத் திட்டினாள். மூன்றாவதில் என்ன நடந்ததோ அதையே எழுதியிருந்தேன். அர்கிரோ அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "இதைப் போடாதீங்க வாத்தியாரே. மார்க்கைப் பாத்துட்டு மேல இருக்கறதை எல்லாம் மறந்துடுவாங்க."

எனவே இடம் விட்டிருக்கிறேன். தேர்ச்சிக்கு ஐந்து வேண்டும். அவள் பெற்றது: ........

உங்களுக்குத் தோன்றியதை நிரப்புங்கள். எதை நிரப்பினாலும் அடுத்த வரி மாறாது: அக்டோபர் முதல் திங்கள், எட்டரை மணி வகுப்பில், அர்கிரோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.