அவர் நட்ட வரிசை

ஒடீல் தேவாலயக் கூடத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் நேடினைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவளுக்கு ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், இன்னொருத்தி முதுகைத் தடவினாள். வெர்லினைப் புதைத்துவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒடீல் அவருக்கு முப்பத்திரண்டு வருடம் மனைவியாக இருந்தவள். நேடின் கடற்கரைப் பூங்காவில் அவரோடு வேலை பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் மணல் சரியாமலிருக்க மணல்மேட்டில் புல் நட்டுக்கொண்டிருந்த வெர்லின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள்.

புயல் அடித்து மூன்று வருடமாகியும் பூங்கா திறக்கவில்லை. மரப்பாதை, கூடாரத் திடல், மணல்மேடு என்று ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருந்தார் வெர்லின். வீட்டுக் கூரையில் மட்டும் இன்னும் நீலத் தார்ப்பாய்தான். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பார். ஞாயிறு முழுக்கத் தூங்குவார்.

நேடின் தட்டில் இறால் சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சமாச்சும் சாப்பிடுங்கக்கா."

"கடைசியா என்ன சொன்னாரு?"

"தண்ணி கேட்டாரு. நான் வண்டிக்கு ஓடிப்போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." நேடின் மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்குக் காலைலகூடப் பாடிட்டுதான் இருந்தாருக்கா. தெனமும் அந்த பிரெஞ்சுப் பாட்டுதான். போதும்யா, பெலிக்கன் பறவைகூடப் பறந்து போயிடுச்சுன்னு கத்துவேன். இன்னும் சத்தமாப் பாடுவாரு."

ஒடீலின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. புயலுக்குப் பிறகு வீட்டில் அவர் ஒரு வரிகூடப் பாடியதில்லை. அவருக்குக் குரல் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லயும் அப்படித்தான்," என்றாள். "வாயே மூட மாட்டாரு."

நேடின் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒடீலால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பூங்காவின் பூட்டிய கதவுக்குப் பக்கத்துச் சந்து வழியாக ஒடீல் உள்ளே போனாள். உப்புநீரில் பட்டுப்போன ஓக் மரங்களைத் தாண்டி மணல்மேட்டுக்கு வந்தாள். நேடின் தனியாக முழங்காலிட்டுப் புல் நட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இங்க எதுக்கு வந்தீங்க?"

"எங்க வரைக்கும் நட்டாரு?"

நேடின் எழுந்து கைகாட்டினாள். கடலோரமாக ஒரு வரிசை நேராக ஓடி, பாதியில் நின்றிருந்தது. கடைசிப் புல்லுக்குப் பிறகு மணல் கலைந்து கிடந்தது. ஒடீல் அதைப் பார்க்காதவள்போல மண்டியிட்டாள்.

"எவ்வளவு ஆழம் தோண்டணும்?"

"முழங்கை வரைக்கும். வேர் மேல தெரியக் கூடாது."

ஒடீல் கையாலேயே தோண்டினாள். மேலே சூடு, உள்ளே ஈரம். அங்கே கிடந்த நாற்றுகளில் மூன்றாவதை நட்டு மணலை அழுத்தும்போது, நேடின் இன்னொரு கட்டு நாற்றை எடுத்துக்கொண்டு வந்து அதே வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ அந்தப் பக்கம் போ," என்றாள் ஒடீல், நிமிராமல்.

நேடின் நாற்றுகளில் பாதியைப் பிரித்து ஒடீலின் அருகில் வைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய்ப் புது வரிசை தொடங்கினாள்.